நோயாளியின் கம்பெனி

...கர்ப்பப்பை ஆபரேஷன் என்று எழுதியிருக்க வேண்டாம், மஞ்சள் காமாலை, டைஃபாய்டு, வேறு வியாதியா கிடைக்கவில்லை, எல்லாம் ஜெயபால் செய்த வேலை, அரசாங்கத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷின், "மாமே, கம்பெனி வெக்கணும்னு கேட்டா பி.எஃப்.ல பைசா பேராது, ஊட்ல ஆபரேஷன்னு எய்து, அல்லாரும் அத்தான் எய்துறான்", நானும் எழுதினேன், பத்தே நாளில் பணம் வந்தது, அதில்தான் திருமுல்லைவாயிலில் ஷெட், ரப்பர் வாஷர் வெட்டுகிற ஒரு பழைய பிரஸ், செலின் இண்டஸ்ட்ரீஸ்... பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நாலு சீட் முன்னால் பெண்கள் பக்கத்தில் செலின், என் மனைவி, பின்னந்தலை மட்டும் தெரிகிறது, ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு.

அரசாங்க வேலையில் இருப்பவன் தொழில் செய்யக் கூடாது, அதற்காகத்தானே அவள் பெயரில் ஆரம்பித்தது, எவ்வளவு புத்திசாலி நான்... பூந்தமல்லியில் இன்றைக்கு ஆடிட்டர் வீரராகவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "முதல் யாரோடது?" என்னுது சார் என்றேன், பெருமை வேறு. "அப்ப லாபமும் உங்களுதுதான். புருஷன் குடுத்த பணத்துல சம்சாரம் தொழில் பண்ணா வரிக்கு அது புருஷன் வருமானம். சம்பளத்தோட சேத்து நீங்கதான் காட்டணும்." காட்டினால் நான் தொழில் செய்கிறேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி, எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும், வேலையும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு, காட்டாவிட்டால் வரி ஏய்த்தவன், எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து. அவரே இரக்கப்பட்டு, "இந்தம்மா நகையை வித்துப் போட்ட முதல்னு எழுதினா..." என்று இழுத்தார், இவள் கழுத்துச் சங்கிலியைத் தொட்டு, "என் நகை அப்படியே இருக்கே சார்" என்றாள். அரிச்சந்திரன் தங்கச்சி! அப்புறம் பி.எஃப். காகிதத்தைக் கேட்டார், கொடுத்தேன், படுபாவி மனுஷன் அதைச் சத்தமாகவா வாசிக்க வேண்டும்? "எனக்கா ஆபரேஷன்?" என்று செலின் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை... ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, அவள் புருஷனும் எங்கள் தொழிற்சாலைதான், ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, உடம்பைப் பார்த்துக்கோ அக்கா என்றபோது, இவளுக்கு என்ன பைத்தியமா என்று ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் குடித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன், இன்றைக்கு அதுவும் செலினுக்கு ஞாபகம் வந்திருக்கும், வராமலா இருக்கும்.

"நடுவுல நிக்கிறே, உள்ள போ நைனா", கண்டக்டர் தள்ளுகிறான், காடுவெட்டி போய்விட்டது, பருத்திப்பட்டு ஏரி... கம்பெனியை மூடிவிடு என்று சொல்லலாமா, சொல்ல எனக்கு வாய் வருமா, மூணு பெண்களுக்கு அங்கே அவள் வேலை கொடுத்திருக்கிறாள், அம்பத்தூர் எஸ்டேட்டில் வாசல் வாசலாக ஏறி இறங்கி ஆர்டர் பிடித்தவள் அவள், சரி, நான் வேலையை விடட்டுமா, பதினாறு வருஷ சர்வீஸ், விட்டால் எங்கே குடியிருப்பது, மாசக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் வீரராகவன், என்ன முடிவு, மாதாவே, எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆவடியில் இறங்கி நின்றாள், எனக்காகத்தான் நின்றாள், பயமாக இருந்தது. "அப்ப ரெண்டு வருசமா நான் சம்பாரிச்சது என்னோடது இல்லியா?" சட்டம் அப்படிச் சொல்லுது செலின் என்றேன், சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாலு மணிக்கு லோடு போவணும், நான் ஷெட்டுக்குப் போறேன்" என்றாள். நானும் வரேன் என்றேன். "வந்து?" என்றாள், அவ்வளவுதான், திருமுல்லைவாயில் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் வெயிலில் நிற்கிறேன், வந்து என்ன செய்வேன், மூட்டையைத் தூக்கிப் போடுவேன், வேறென்ன... என் வருமானமாம், நாலு மணிக்குப் போகப்போகிற அந்த வாஷர் மூட்டை யாருக்குப் போகிறது, அந்தக் கம்பெனி பெயர் என்ன, ரெண்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவளைக் கேட்டிருக்கிறேனா...