ஸ்பூன் கொடுக்கிற வேலை

மார்க்கு மேடத்துக்கு அது இருநூற்றுப் பதினாலாவது பள்ளிக்கூடம். ஊர் மாறி வரும் பெற்றோர்களுக்காக வெளிவருகிற ஒரு வழிகாட்டிக்குப் பதினோரு வருஷமாக எழுதுகிறாள். பள்ளிக்குப் போவாள், ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்ப்பாள், நாற்பது கட்டம் போட்ட படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று போடுவாள். அதை நம்பித்தான் எத்தனையோ பேர் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். மார்க்கு மேடம் என்பது பள்ளிக்கூடக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவள் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அன்று காலையிலேயே உடம்பு கல்லாகக் கனத்தது. வந்திருப்பது வழிகாட்டிக்காக மட்டும் இல்லை என்பதுதான் காரணம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பள்ளிக்கு அவள் நாலரை போட்டாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு மகளை அங்கே சேர்த்தாள். நீச்சல் குளம், ஆய்வுக்கூடம், ஏ லெவல் என்கிற பள்ளியிறுதிப் பரீட்சையில் தேர்ச்சி என்று அவள் எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு வருஷம் முழுக்க மதியச் சாப்பாட்டைக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. நாற்பது கட்டத்தில் எந்தக் கட்டத்திலும் அது அகப்படவில்லை.

இப்போது தங்கை வீட்டுக்காரருக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. இந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். "அக்கா, இந்தத் தடவை எனக்கு மார்க்கு வேண்டாம். நீ போய்ப் பாத்துட்டு, சேக்கலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லு," என்றிருந்தாள் தங்கை. குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

முதல்வர் நல்ல மனுஷர். வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கோட்டு போட்ட இரண்டு மாணவிகள் மனப்பாடம் செய்ததை மாறி மாறி ஒப்பித்தபடி முன்னால் நடந்தார்கள். நீச்சல் குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், பழுது பார்க்கிறார்களாம். நூலகத்தில் புத்தகங்கள் கலையாமல் இருந்தன, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் ஆண்டுக் கணக்கு வகுப்பில் ஆசிரியைக்குத் தொண்டை கட்டியிருந்தது. விடுப்பு எடுத்தால் பார்க்க ஆள் இல்லை போலும்.

அவள் எல்லாப் பள்ளியிலும் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்டாள்: புதிதாக வருகிற பிள்ளை முதல் நாள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடும்? முதல்வர் சுவரைக் காட்டினார். புதுப் பிள்ளைக்கு ஒரு துணைப் பிள்ளை என்ற திட்டம், நாலு வண்ணத்தில், பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கியது. தங்கை மகள் படித்த பள்ளியிலும் இதேதான் தொங்கியது, ஐந்து வண்ணத்தில். கடவுளே, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, நீயாவது காட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டைப் பள்ளி ஆட்கள் யாரும் கூட இல்லாமல் சாப்பிட வேண்டும் என்பது வழிகாட்டியின் விதி. அடையாள அட்டையின் நாடா கழுத்தை அறுத்ததால் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, தட்டோடு ஒரு மூலை மேசையில் போய் உட்கார்ந்தாள். முன்னூறு பிள்ளைகளின் இரைச்சல். கண்ணை ஒரு நிமிஷம் மூடினாள்.

"புது டீச்சரா?"

கண்ணைத் திறந்தால் சமையல்கட்டு அம்மா நின்றாள். தலையில் வலை, இடுப்பில் ஏப்ரன், கையில் ஒரு பெரிய ஸ்பூன் தட்டு. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மூலையில உக்காந்தா ஆச்சா? எழுந்து வாங்க. புதுசா வர்றவங்க இங்க ஸ்பூன் குடுக்கணும்."

நான் டீச்சர் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள்தான். ஆனால் பதினோரு வருஷத்தில் எந்தப் பள்ளியிலும் அவளை யாரும் எழுந்து வா என்று சொன்னதில்லை. கால் தானாக எழுந்துவிட்டது.

வரிசை முனையில் ஒரு சின்னப் பெண் ஏற்கெனவே நின்றிருந்தது. போன வாரம் வந்து சேர்ந்த பிள்ளை. அவள் இரண்டு ஸ்பூன் நீட்டுவதைப் பார்த்துவிட்டு, பொறுமையாகத் திருத்தியது. "கைப்பிடி அவங்க பக்கம் இருக்கணும் டீச்சர். இல்லன்னா பிடிக்கத் தெரியாம கீழ போடுவாங்க."

பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்பூன் இல்லாமல் எவரும் சாப்பிட முடியாது, ஆகவே எல்லோரும் அவள் முன்னால் வந்தே தீர வேண்டும். வந்தவர்கள் சும்மா போகவில்லை. எந்த வகுப்புக்கு வந்திருக்கீங்க என்றது ஒன்று. கணக்கு மட்டும் எடுக்காதீங்க, உங்களைப் பாத்தா நல்லவங்களா தெரியுது என்றது இன்னொன்று. காலையில் ஒப்பித்த கோட்டுப் பெண்களில் ஒருத்தி அவளை அடையாளம் கண்டு வெலவெலத்துப் போனாள். பிறகு சிரித்துவிட்டு, ஸ்பூனை வாங்கிக்கொண்டு போனாள். வரிசை தீர்ந்ததும், பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணை மூன்று மேசைகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டன. எதற்குப் போவது என்று தெரியாமல் அது தவித்தது.

கூட்டம் கலைந்ததும் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். சமையல்கட்டு அம்மாவின் முகம் வெளுத்தது.

"மார்க்கு மேடமா நீங்க? உங்களையா நான் வேலை வாங்கிட்டேன்!"

"யார் கொண்டு வந்த வழக்கம்மா இது?"

யாரும் இல்லை என்றாள் அவள். தான் வேலைக்கு வந்த புதிதில், பேச ஆள் இல்லாமல் ஒரு வாரம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றபடியே சாப்பிட்டாளாம். அதற்கப்புறம் வந்த எந்தப் புது ஆளையும் அப்படி விட மனசு வரவில்லையாம். அவ்வளவுதான். ஆபீசுக்குத் தெரியாது.

"தயவு செஞ்சு எழுதிடாதீங்கம்மா," என்றாள். "எழுதினா அதுக்கு ஒரு பேர் வைப்பாங்க, சுவத்துல மாட்டுவாங்க. அப்புறம் பிள்ளைங்களுக்கு இதுவும் ஒரு பாடம் ஆயிடும்."

அது எவ்வளவு உண்மை என்று மார்க்கு மேடத்துக்குத் தெரியும். அவள் பாராட்டி எழுதியதாலேயே பிளாஸ்டிக் உறைக்குள் போன நல்ல காரியங்கள் எத்தனையோ.

நாலே முக்காலுக்குக் காருக்குள் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். நீச்சல் குளம் இரண்டு. தேர்ச்சி மூன்று. நூலகம் மூன்று. உணவுக்கூடம் ஐந்து, காரணம் எழுதும் இடத்தில், 'இங்கே யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. இருந்து பார்த்தேன்,' என்று மட்டும் எழுதினாள். மொத்தத்தில் சுமாரான பள்ளிக்கூடம் என்றுதான் வந்தது. படிவம் அவ்வளவுதான் சொல்லும்.

தங்கையைக் கூப்பிட்டாள். குளம் மூடியிருக்கு, தேர்ச்சி சுமார்தான், கணக்கு டீச்சர் களைத்துப் போயிருக்கிறாள் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கடைசியில், "ஆனா சேத்துடுடி," என்றாள்.

மறுமுனையில் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"பெரியம்மா." பிள்ளையின் குரல். "அங்க தனியா உக்கார எடம் இருக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லடா கண்ணு. மொத வாரம் உக்காரவே விடமாட்டாங்க. வரிசையில நின்னு எல்லாருக்கும் ஸ்பூன் குடுக்கணும்."

அவள் அவசரப்படுத்தவில்லை. மணி ஐந்தாக இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

"எத்தனை ஸ்பூன்?"

"முன்னூறு இருக்கும்."

"கை வலிக்குமா?"

"வலிக்கும். எனக்கு இப்ப வலிக்குது."

பிறகு, "அம்மா," என்று பிள்ளை உள்ளே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது. "வேணும்னு சொல்லிடும்மா."