லீலாபாய் சொன்ன சாட்சி

முப்பத்தாறாம் வருஷம் திருவனந்தபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் நடத்திய லீலாபாய், நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், வாரத்துக்கு ஒரு வகுப்பை விளம்பரங்களுக்கென்றே ஒதுக்கியிருந்தாள். கூந்தல் தைலம், சிவப்பழகு சோப்பு என்று பத்திரிகையில் எது வந்தாலும் வெட்டிக்கொண்டு வரச் சொல்வாள். பிறகு மூன்று கேள்வி. சொல்வது யார்? சொன்னால் அவருக்கு என்ன லாபம்? எதைச் சொல்லாமல் விழுங்கினார்?

பிள்ளைகள் சீக்கிரமே தேறிவிட்டார்கள். முழங்கால் வரை கூந்தல் தொங்கும் படத்தைப் பார்த்து, "தைலம் வாங்கறதுக்கு முன்னாடியே இவ இப்படித்தான் இருந்திருப்பா டீச்சர்" என்று சிரிக்கிற அளவுக்கு. லீலாபாய்க்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பெண்ணான பாகீரதி எழுந்து நின்று கையிலிருந்த துண்டை வாசித்தாள்.

"'மரணவாசல் மட்டும் போனேன். என்னை எழுப்பி நடக்கவைத்தது அமிர்தபல டானிக். இதற்கு நானே சாட்சி. திருமதி லீலாபாய், ஆசிரியை, திருவனந்தபுரம்.'"

பிறகு அவளே விடையும் சொன்னாள். "சொல்றது நம்ம டீச்சர். டீச்சருக்கு லாபம் ஒண்ணுமில்லே. எதையும் மறைக்கவும் மாட்டா. அதனால இது நிஜம். அம்மாவுக்கு இருமினா ரத்தம் வர்றது டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போறதா இருந்தார் அப்பா. இதைப் பார்த்ததும் அதை நிறுத்திட்டு ரெண்டு புட்டி வாங்கிண்டு வந்துட்டார்."

மணி அடித்ததும் லீலாபாய் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு வெளியேறினாள்.

வார்த்தைகள் அவளுடையவைதான். விஷக்காய்ச்சலில் பிழைத்து எழுந்ததற்காகப் போன மாதம் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சொல்வது அது. அங்கே டாக்டர் பேரையோ பெரியாஸ்பத்திரியில் கிடந்ததையோ யாரும் இழுப்பதில்லை, அவளும் இழுக்கவில்லை. அது போதுமாயிருந்தது அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணிக்கு. பழவங்காடியில் அந்த டானிக்குக்கு ஏஜென்ட் சாட்சாத் அவர்தான்.

"நீ சொன்னதுதானே லீலா? நான் ஒரு வார்த்தை கூட்டல்ல" என்றார், வீட்டில் அவள் அந்தத் துண்டை நீட்டியபோது, கூசாமல்.

"கர்த்தர்னு சொன்ன இடத்துல புட்டிக்க பேரு இருக்கே."

"கர்த்தர் மருந்து வழியா சுகமாக்க மாட்டாரா?" சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே சொன்னார். "நீ போய் இல்லண்ணு சொன்னா சபையில நான் கள்ளன். கள்ளனுக்க பெண்டாட்டிக்குப் பள்ளிக்கூடத்துல வேலை குடுப்பாவளா? யோசிச்சுக்கோ."

யோசித்தாள். வாயைத் திறந்தால் குடும்பம் சந்தி சிரிக்கும். மூடினால் ஒரு பெண்பிள்ளை தாயில்லாமல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் யாரோ சாட்சி சொல்ல எழுந்ததும், உட்காரப் பிடிக்காமல் வெளியே வந்து வெயிலில் நின்றாள்.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததுமே சொல்லிவிட்டாள்.

"பாகீரதி, ரெண்டாம் கேள்விக்கு நீ சொன்னது தப்பு மக்ளே. அந்த மருந்தை விக்கது எங்க வீட்டுக்காரர். மூணாவதும் தப்பு. என்னைப் பிழைக்கவச்சது பெரியாஸ்பத்திரி. அதை நான் சொல்லல்ல. டானிக்கை நான் தொட்டதே இல்ல. அம்மாவை இன்னைக்கே அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. வேலை போனால் போகட்டும்.

மறுநாள் காலையில் பாகீரதி மேஜையருகே வந்து நின்றாள்.

"அப்பாகிட்டே சொன்னேன் டீச்சர். நீங்க கத்துக்கொடுத்த மூணு கேள்வியையும் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'நல்ல கேள்வி'ன்னார். 'சொல்றது யாரு? புருஷனோட சண்டை போட்டவ. என்ன லாபம்? அவன் வியாபாரத்தைக் கெடுக்கலாம். எதை விழுங்கினா? அந்தச் சண்டையை'ன்னார்." பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா இன்னிக்கு மூணாவது புட்டி ஆரம்பிச்சுட்டா."