முப்பத்தோராம் குழாய்

மறுபடியும் அதே முப்பத்தொன்றுதான். உட்காரப் பொறுக்காமல் நின்றபடியே திரையைப் பார்த்தாள் சுல்மா. நாற்பது குழாய் ரத்தம். இருபது பெருங்குடல் புற்றுநோயாளிகளுடையது, இருபது நல்ல உடம்புக்காரர்களுடையது. யாருடையது என்று தெரியாமலே சோதித்துவிட்டு, கடைசியில் பட்டியலைப் பிரித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. புற்றுக்கட்டி ரத்தத்தில் உதிர்க்கும் மரபணுத் துணுக்குகளைத் தேடிப் பிடிக்கும் அந்தச் சோதனைக்காக நான்கு வருடம் நாயாய் உழைத்திருந்தாள். முப்பத்தொன்பது குழாய்கள் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. இது மட்டும் நல்ல உடம்புக்காரர் பட்டியலில் இருந்துகொண்டே, புற்று இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தது.

"தூக்கிப் போடு. ஒண்ணே ஒண்ணுதானே தப்பு?" என்றார் ஆய்வகத் தலைவி மிர்த்தா.

"மூணு தடவை பாத்துட்டேன் டாக்டர். மூணு தடவையும் ஒரே சேதிதான். தப்புன்னா மாத்தி மாத்தி உளறணுமில்ல?"

"யாரு ரத்தம் அது?"

பட்டியலில் இருந்த பெயரை இரண்டாம் தடவை படித்தாள் சுல்மா. நல்ல உடம்புக்காரர் என்றால் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சுத்தம் என்று சான்று வாங்கியிருக்க வேண்டும். ரத்தம் எடுத்த அன்றைக்கு அப்படி ஓர் ஆள் குறைந்தது. அவசரத்துக்கு வேலை செய்கிறவர்களே கையை நீட்டுவது அந்த மொந்தேவிதேயோ நகர ஆய்வகத்தில் வழக்கம். ரத்தக் குழாய்களைப் பனிப்பெட்டியில் கொண்டுவரும் டிரைவர் எல்பியோ, கக்கத்தில் வெந்நீர்க் குடுவையோடு மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு நின்றார். இரண்டு வெண்ணெய் ரொட்டி தருகிறேன் என்றதும் சட்டைக் கையை மடக்கிவிட்டார். எருது மாதிரி இருக்கும் மனுஷனுக்குச் சான்று எதற்கு என்று அவள்தான் அவரைப் பட்டியலில் சேர்த்தாள்.

கிடங்கு வாசலில் பிடித்துச் சொன்னபோது எல்பியோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன் மெஷினு புளுகுது தாயி. நேத்துகூட ஒன்றரைக் கிலோ மாட்டு விலாவைச் சுட்டுத் தின்னவன் நான்."

"புளுகுன்னா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறேன். நீ போய் கேமரா வெச்சுப் பாருய்யா. தட்டிக் கழிச்சே, வண்டிச் சாவியைப் பிடுங்கிருவேன்."

அவர் சிரிப்பு நின்றது. "நெசமாத்தான் சொல்றியா?"

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் எல்பியோவின் மனைவி நிபியாவுக்குப் பக்கத்தில் சுல்மா உட்கார்ந்திருந்தாள். கடவுளே, சோதனை பொய்யாகட்டும் என்று வேண்டினாள். வேண்டிய கையோடு, பொய்யாகிவிடக் கூடாதே என்றும் பதறினாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதவு திறந்தது. "ஒரு கட்டி இருக்கு," என்றார் டாக்டர். "சின்னதுதான். குடல் சுவரைத் தாண்டின மாதிரி தெரியல, ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா கதையே வேற. இப்ப வெட்டி எடுத்துரலாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கு!" சுல்மா துள்ளி எழுந்து கத்தியேவிட்டாள். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் நிபியாவின் முகம் கண்ணில் பட்டது. கை தானாகவே வாயைப் பொத்தியது.

"மன்னிச்சிரு நிபியா. நான் வந்து..."

கன்னமெல்லாம் நனைந்திருந்த நிபியா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். "கத்து," என்றாள். "நல்லாக் கத்துடி."

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. மயக்க மருந்தில் குழறிய நாக்கோடு எல்பியோவின் குரல் கேட்டது.

"யாரு கோல் போட்டது? நம்மாளுங்களா?"

இருவரும் பிடித்த கையை விடாமல், திரைச்சீலையை விலக்கினார்கள்.