படகோட்டி சாகவில்லை

எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு மாதம் இதைச் சொல்லாமல் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். நாளொன்றுக்கு அறுநூறு படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்து, நீள மேசையருகே நின்று மடிக்க வேண்டும். பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நெருங்கி வந்து மூலையோடு மூலை சேர்த்து, விலகி, மறுபடி நெருங்க வேண்டும். நான் மெதுவாக மடிப்பவன். நான் ஒரு முனையைப் பிடித்தால், எதிர்முனைக்காரருக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

அப்படி இருந்தபோதுதான் உலர்த்தும் இயந்திரம் ஒன்று ஜப்பானிலிருந்து வந்து இறங்கியது. பொத்தான்களில் எல்லாம் ஜப்பான் எழுத்து. பொருத்த வந்தவர் ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். எதற்குப் பின் எதை அழுத்தினார் என்று நான் ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டேன். மறுநாள் யாருக்கும் ஓடாத இயந்திரம் எனக்கு ஓடியது. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அங்கேதான் துணிவண்டி தள்ளுகிறான். அவன் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க மாமா வீட்டுல ஜப்பான் கேம்தான் ஆடுவாரு. அவருக்கு அதெல்லாம் படிக்க வரும்" என்றான்.

"அப்படியா?" என்று கேட்டார் மேற்பார்வை பார்க்கும் அக்கா.

"ஏதோ, கொஞ்சம்" என்றேன்.

மச்சான் சொன்ன வீடியோ கேமின் பெயர் 'விளக்குத்தீவு'. நாமே நாயகனாகி, ஊர் ஊராகப் போய், பார்ப்பவர்களிடமெல்லாம் பேசி, சண்டை போட்டு, கதையை நகர்த்த வேண்டும். முதல் இரண்டு பாகங்களை ஆங்கிலத்தில் ஆடியிருந்தேன். மூன்றாம் பாகம் ஜப்பான் மொழியில் மட்டும் வந்திருந்தது. பொறுக்க முடியாமல் அதையே வரவழைத்துவிட்டேன். சண்டைகளை எப்படியோ தட்டுத்தடுமாறி ஜெயித்தேன். கதைக்குத்தான் ஒரு வழி வகுத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் காட்சிக்கு ஒரு பக்கம்: யார் வந்தார், எப்படி நின்றார், என்ன வாத்தியம் வாசித்தது. ஆள் குனிந்தால் துக்கம். வயலின் வந்தால் சாவு.

"நேத்து என்ன ஆச்சு?" என்று அக்கா மடித்துக்கொண்டே கேட்பார். நான் நோட்டில் இருப்பதைச் சொல்லி, அவர்கள் பேசியது இதுவாகத்தான் இருக்கும் என்று பட்டதையும் சேர்த்துச் சொல்வேன். பதினான்காம் காட்சியில் படகோட்டி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். வயலின் வந்தது. மறுநாள் படகு ஆளில்லாமல் நின்றது. நாயகனைக் கடலை மூடியிருந்த விஷப்பனிக்கு அப்பால் சேர்த்துவிட்டு உயிரை விட்டார் என்று சொன்னேன். கூடத்தில் கறை நீக்குபவர் ஒருவர் உண்டு, கறைக்காரர் என்றே கூப்பிடுவோம், சிரித்தே பார்த்ததில்லை. அன்று அவர் தான் வெளுத்து வைத்த தலையணை உறையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். உறை திரும்பவும் துவைக்கப் போனது.

அதன்பிறகு என் எதிரே நிற்கப் போட்டி. அக்கா முறை போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு பாகங்களை ஆளாளுக்கு வாங்கி ஆடித் தீர்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்தது: மூன்றாம் பாகம் ஆங்கிலத்தில், மேற்கு நாடுகளுக்காக வெளிவருகிறது.

மேசையைச் சுற்றி ஒரே கவலை.

"படகோட்டிக்குக் கீச்சுக்குரல் எவனாவது குடுத்துட்டா?" என்றார் அக்கா.

"பேரையெல்லாம் மாத்திருவாங்க அக்கா. நாளைக்கு அவருக்கு பாப்னு பேர் வச்சாலும் வப்பாங்க" என்றான் மச்சான்.

"பேரு என்னவா வேணா இருந்துட்டுப் போகட்டும். அந்தச் சாவுல மட்டும் கத்திரி போட்டானுங்கன்னா நடக்கறதே வேற" என்றார் கறைக்காரர்.

என் கவலை வேறு. அவர்கள் தப்பாக மொழிபெயர்த்துவிடுவார்களோ என்று பயந்தார்கள். நான் சரியாக மொழிபெயர்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். உண்மை தெரிந்தால் எதிர்முனையில் மறுபடி தாகம் எடுக்க ஆரம்பித்துவிடும். வெளியீடு இரண்டு மாதம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்த அன்று கூடமே இழவு வீடு மாதிரி இருந்தது. நான் வீட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

"இப்பவே சொல்லித் தொலைச்சிருங்க. அப்புறம் சொன்னா அடிதான் விழும்" என்றாள் மனைவி.

சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கேம் வந்தேவிட்டது.

திங்கட்கிழமை காலை கறைக்காரர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு வந்தார்.

"கெடுத்துட்டானுங்க!"

"என்னாச்சுங்க?" என்றார் அக்கா.

"படகோட்டி சாகல."

அக்கா கையிலிருந்த துண்டு நழுவியது. "சாகலயா?"

"படகுல ஓட்டையாம். ரெண்டு நாளைக்கு ஓடாதாம். மன்னிச்சுக்கங்கன்னு நெஞ்சுல கைய வச்சு சொல்றான்! அப்புறம் ஏழாவது ஊருக்குப் போனா அங்க உக்காந்து மீன் விக்கறான். என்னப் பாத்து சௌக்கியமாங்கறான்!"

"ஐயோ, அது அவரோட ரெட்டைத் தம்பி இல்ல?" என்று பதறினார் அக்கா.

அதையும் நான்தான் சொல்லியிருந்தேன். செத்துப்போனவர் திரையில் முழுசாக வந்து நின்றபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"தம்பியையே தூக்கிட்டானுங்க. விளக்குக் கோபுரத்துல கிழவி இருக்காளே, அவ நாயகனோட அம்மாவே இல்லயாம். அவகிட்டப் பேசினா அதுவரைக்கும் ஆடினது சேவ் ஆகும். அவ்ளோதான் அவளுக்கு வேலை."

கறைக்காரர் சனிக்கிழமையே ரசிகர்களின் இணைய மன்றத்தில் இதையெல்லாம் எழுதிவிட்டார். இருநூறு பேர் ஆமோதித்திருந்தார்கள். ஒருவர், 'ஜப்பான் மூலத்தை ஆடியவன் நான். படகோட்டியின் மரணத்துக்குப் பிறகு மூன்று நாள் சாப்பிடவில்லை' என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"ரெண்டு கடிதம் போடறோம்" என்றார் கறைக்காரர். "மொழிபெயர்த்தவங்களுக்கு ஒண்ணு, நானே எழுதிட்டேன். ஜப்பான்காரங்களுக்கு ஒண்ணு, அவங்க பாஷையிலயே. அதை நீ எழுதற."

அவர் எழுதியதை வாங்கிப் படித்தேன். கேமின் முடிவில் வரும் பட்டியலிலிருந்து இரண்டு மொழிபெயர்ப்பாளர்களின் பெயரைத் தேடி எடுத்திருந்தார். 'உங்களுக்கு ஜப்பான் மொழி ஒரு எழுத்தாவது தெரியுமா? தெரியாத வேலையை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?' என்று தொடங்கியிருந்தது. மூன்று பக்கம். வரிக்கு வரி என்னையே கேட்ட மாதிரி இருந்தது.

விரிப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில்.

"அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றேன். "எனக்குத்தான் ஒரு எழுத்தும் தெரியாது."

அக்கா மடித்த துண்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த ரெட்டைப் பிறவி?" என்றார் அக்கா.

"நான் போட்டது."

"அம்மா?"

"அதுவும்."

"பாலத்துல நடந்த கல்யாணம்?"

"அது உண்மையா இருக்கும்னு நெனக்கிறேன் அக்கா. மோதிரம் மாட்டினாங்க."

"அது விஷம் ஏறாம இருக்க மாட்டற மோதிரம்யா!" என்று கத்திய கறைக்காரர் தன் முனையை விட்டுவிட்டார். விரிப்பு ஈரத்தரையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் தன் தொட்டிக்குப் போனார்.

இரண்டு நாள் யாரும் என் எதிரே வரவில்லை. மச்சான் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பிடித்தான். "நான்தான மாமா ஆரம்பிச்சு வச்சேன்" என்றான். புதன்கிழமை நான் அந்த மன்றத்தில் ஒரு பதிவு போட்டேன். வரிசை எண் போட்டு, எவையெல்லாம் என் கற்பனை, எந்தக் காட்சியில் எதைச் சேர்த்தேன் என்று ஒன்றுவிடாமல் எழுதி, மொழிபெயர்ப்பாளர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இடைவேளையில் மச்சான் பதில்களைச் சத்தமாக வாசித்தான்.

"மூலத்தை ஆடாதவர்கள் வாயை மூடவும்."

"சரி" என்றேன்.

"அந்த மூணு நாள் சாப்பிடாதவரு எழுதியிருக்காரு மாமா. 'இந்த ஆளுக்கு இரட்டைத் தம்பியைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியவில்லை. இளையவன் சிறுவயதிலேயே கடலோடு போனவன். ஜப்பான் பதிப்பில் தெளிவாக வருகிறது.'"

தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைக் காலரில் உதட்டுச்சாயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கறைக்காரரின் கை நின்றது.

"என்னது? கடலோட போனானா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அந்தத் தம்பியே இவன் போட்டதுடா!" பிரஷ்ஷைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு வந்தார். "நாம இங்க நின்னு கேட்டது. இவனுக்கு வேற வழியில்லாம போட்டது. அதை எவனோ வந்து நமக்கே சொல்லிக் குடுக்கறானா? குடு இங்க."

ஈரக்கையோடு போனை வாங்கிக்கொண்டார். ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

"தம்பியை எந்தக் காட்சில கொண்டு வந்த?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இருபத்தாறு."

"கடலோட போனானா?"

"இல்ல. பொறந்ததுலேந்து மீன் வியாபாரம்தான்."

"கேட்டுக்கோ. மீன் வியாபாரம்." தட்டினார். பிறகு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். "இவன யாருன்னு போடறது? கதையக் கட்டினவருன்னு போடவா, கதை சொன்னவருன்னு போடவா?"

"பொய்யர்னு போடுங்க" என்றார் அக்கா. "அப்பவாவது நம்பறாங்களா பாப்போம்."

அவர் அப்படியே போட்டார். நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது.

"என்ன சொல்றான்?" என்றார் அக்கா.

"ஆதாரம் கேக்கறான்" என்றார் கறைக்காரர். "வீட்டுக்குப் போய் அந்த நோட்ட எடுத்துட்டு வா. இன்னிக்கு உன் பங்கு விரிப்ப நான் மடிக்கிறேன்."