எதிர் ஓட்டை ஏற்றிவந்தவர்

1

அயோவாவில், தேர்தலன்று வாக்குச்சாவடியாக இருந்த எங்கள் ஊர்த் தேவாலயக் கூடத்தில், வாக்காளர் பட்டியலோடு நான் உட்கார்ந்திருந்தபோது கிடைத்த கதை இது. ஹார்லன் வோய்ட் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ட்யூயி ப்ரூட். வரிசையே திரும்பிப் பார்த்தது.

'தேசபக்தி என்பது...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். ஹார்லன் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

2

இருவரும் வியட்நாமில் ஒரே படைப்பிரிவு. குண்டடிபட்ட ஹார்லனை வயல்வழியே முதுகில் சுமந்தவர் ட்யூயி. [இரண்டு மைல் என்று எழுதியிருந்தேன். ஹார்லன் திருத்தினார்: "கால் மைல்தான். உயிர் பொழைக்க அது போதும்."] மூன்று வருடத்துக்கு முன், முன்னாள் படைவீரர் மன்றத்தில் தேர்தல் பேச்சு முற்றியது. ட்யூயி ஹார்லனைத் துரோகி என்றார். ஹார்லன் திருப்பிச் சொன்னது என்ன? நான் கேட்டபோது, "அதைவிட மோசம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.

3

தேர்தல் காலையில், ட்யூயிக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, கூட்டிப்போக ஆளில்லை என்று தன் மனைவி மார்லீஸ் சொன்னதும் ஹார்லன் வண்டிச் சாவியை எடுத்தார்.

"அவர் ஓட்டு உங்க ஓட்டை அடிச்சிடுமே."

"அடிக்கட்டும்."

ட்யூயி சக்கர நாற்காலியில் இருந்தபடியே கதவைப் பாதிதான் திறந்தார்.

"எதுக்குடா வந்தே?"

"ஓட்டுப் போட வேணாமா? கெளம்பு."

"யாருக்குப் போடுவேன்னு தெரியுமில்ல?"

"ஊருக்கே தெரியும். வாசல்ல அவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்கியே."

"அப்புறம் ஏன்?"

"நீ வீட்ல முடங்கிக் கெடக்கறப்ப எங்காளு ஜெயிச்சா, அது ஒரு ஜெயிப்பாடா?"

ட்யூயி கதவை முழுக்கத் திறந்தார். பிறகு, "அந்தக் கோட்டை எடுத்துக் குடு" என்றார்.

(ட்யூயி அழுததாக எழுதி நீக்கினேன். மூக்கைச் சிந்தினார், அவ்வளவுதான். நவம்பர் மாதக் குளிர்.)

4

ட்யூயியின் தொப்பியில் அவருடைய வேட்பாளரின் பெயர் இருந்தது. வாக்குச்சாவடிக்குள் அது கூடாது. நான் சொன்னதும் முறைத்தார்.

"கழட்டுடா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லி, ஹார்லனே தொப்பியை வாங்கி, பெயர் தெரியாதபடி கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஹார்லனின் கட்சிக்காரி ஒருத்தி அருகில் வந்து, "அதையா நெஞ்சுல வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"அவன் திரும்பி வர்ற வரைக்கும்."

முடிவாக, இருவரும் கைகுலுக்கியதாக ஒன்று எழுதினேன். காரில் மறுபடி சண்டை போட்டதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். யார் ஜெயித்தார் என்பதையும் எழுதப்போவதில்லை. ட்யூயி ஓட்டுப் போட்டு இருவரும் வெளியே போனபின், கண்ணாடிக் கதவு வழியே நான் பார்த்தது இவ்வளவுதான்: ஹார்லன் குனிந்து ட்யூயியின் தலையில் தொப்பியை வைத்தார். கோணலாக இருந்தது. நேராக்கினார். ட்யூயி ஏதோ சொன்னார். ஹார்லன் சிரித்தார்.

என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.