மொட்டை மாடியில் மூன்று கறி

சொன்னால் நம்பமாட்டீர்கள். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடிக்கும் மேலே, வெட்டவெளியில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் ராயபுரத்தில் அப்படி ஒரு ஓட்டல் திறந்தார்கள். ஒரு கிடங்கின் மொட்டை மாடியைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக எலெக்டிரிக் பல்பு, மூலைக்கு மூலை குரோட்டன்ஸ் தொட்டி, ஓயாமல் பாடும் கிராமபோன். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது.

"எல்சி, வெள்ளிக்கிழம ஆறு மணிக்கு ரெடியா இரு. மொட்டமாடி ஓட்டலுக்குப் போறோம்" என்று என் வீட்டுக்காரர் பாஸ்கல் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொழும்பில் எடுத்த பட்டுப் புடவையை மூன்று தடவை மடித்து மூன்று தடவை பிரித்தேன். அவர் சிநேகிதரிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கி வந்தார். அதில் ஒரு பித்தானைக் காணோம்.

எனக்கு ராயபுரம் வெளிதேசம். நான் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வந்த பாஸ்கலைக் கட்டிக்கொண்டு, கடல் தாண்டி இங்கே வந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. அவரும் தமிழ், நானும் தமிழ். ஆனால் நான் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். "மலையாளமா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. மலையாளமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோபத்தை அடக்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மாதா கோயில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வேலை காலியாக இருந்தது. என் பெட்டியில் டிரெயினிங் சர்ட்டிபிகேட் இருந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் இந்த ஊரில் நான் வாயில்லாப் பூச்சியாகவே கிடந்து செத்துப்போவேன் என்று நினைத்தேன். ஆள் எடுக்கும் பொறுப்பை, கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் இக்னேஷியஸிடம் பங்குச் சாமியார் விட்டிருந்தார். உபதேசியார் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது பேசும்மா" என்றார்.

"பிள்ளையளுக்கு வடிவாக் கதை சொல்லிக் குடுப்பன்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நம்ம பசங்களுக்கு இது புரியாதும்மா. எதுக்கும் திங்கக்கிழமை முடிவு சொல்றேன்" என்றார். அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அதனால் மாடிப்படி ஏறும்போதே பாஸ்கலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இஞ்சாருங்கோ, நீங்கள் வாய் திறக்கப்படாது. நான்தான் சாப்பாடு சொல்லுவன். ஓட்டல்காரருக்கு விளங்கினால் பிள்ளையளுக்கும் விளங்கும்."

"ஆவட்டும் தாயே" என்று அவர் கும்பிட்டார்.

மேலே போய் நின்றதும் மூச்சே நின்றுவிட்டது! துறைமுகம் முழுவதும் காலடியில் கிடந்தது. சூரியன் அப்போதுதான் பின்னால் இறங்கியிருந்தான். கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று என்றால் அப்படி ஒரு காற்று, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை. "எல்சி! அதோ பார், என் கிரேன்!" என்று பாஸ்கல் கத்தினார். கத்தியவர் அதை இன்னும் கிட்டத்தில் பார்க்கிறேன் என்று கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய்விட்டார். தினமும் அதன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மனிதர்!

நான் தனியாக உட்கார்ந்தேன். அப்பாவு என்ற சர்வர் வந்தார். முறுக்கு மீசை, தலையில் சரிகைத் தலைப்பாகை.

"அண்ணை, இரண்டு பேருக்குச் சோறு. கறி மூண்டு விதமாய் வேணும், நல்ல உறைப்பாய். கெதியாக் கொண்டு வாங்கோ."

அவர் தலையைச் சொறிந்தார். "கெதியா இல்லம்மா. தீந்து பூட்ச்சி."

சேசுவே! அவர் அதை ஒரு பலகாரம் என்று நினைத்துவிட்டார். "இல்லை அண்ணை, கெதியா எண்டால் சுறுக்கா, சீக்கிரம்" என்றேன்.

"அய்ய, அத்த சொல்றியா! சரி, கறி மூணு தினுசு, காரமா. அதானே?"

"ஓம், ஓம்! கறிதான்!"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. விளங்கிவிட்டது! ஒரு சொல்தான் இடறியது, மற்றதெல்லாம் சரி. கறி என்ற சொல்லில் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? மாமியார் வீட்டில் இந்த மூன்று வாரமும் மீனும் நண்டும்தான். அதை அவர்கள் கொழம்பு என்பார்கள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் உபதேசியார் இக்னேஷியஸ்! கூடவே அவர் மனைவி இருதயம்மாள். நல்ல பருமன், நல்ல குரல். "எத்தினி நாளா கேட்டுகினு கீறேன், இன்னிக்குத்தான் மனசு வந்துச்சு இவருக்கு" என்று மாடிக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்து எங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். நான் எழுந்து தோத்திரம் சொன்னேன். பாஸ்கலும் ஓடிவந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். உபதேசியார் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நல்லது, பார்க்கட்டும், நான் சொன்ன சாப்பாடு எப்படி வருகிறது என்று பார்க்கட்டும் என்று எனக்கு ஒரே குதூகலம்.

அப்பாவு மூன்று தட்டுகளை மூடியோடு கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஏலம் போடுகிற மாதிரி சொன்னார். "மட்டன் சாப்ஸ்! ஈரல் வறுவல்! எலும்புக் கொழம்பு!"

சேசு மரி சூசையே! வெள்ளிக்கிழமை! சேசுநாதர் பாடுபட்ட நாளில் இறைச்சியைக் கையால் தொடாதவள் நான். பாஸ்கலின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. உபதேசியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூணு தட்டு கறியா? இந்தப் பொண்ணா நம்ம கோயில் பசங்களுக்குப் பாடம் சொல்லித் தரப்போவுது?"

கிராமபோன் பாட்டு முடிந்து கிறீச் கிறீச் என்று சுற்றியது. மாடியே எங்களைப் பார்த்தது.

"நா இன்னா பண்ணட்டும்? அந்தம்மாதான் கறி வோணும்னு கேட்டுச்சி" என்றார் அப்பாவு.

"கறின்னா மட்டன்தான் எல்சி, இந்த ஊர்ல" என்று பாஸ்கல் என் காதில் முனகினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போயிற்று, மானமும் போயிற்று. ஆனால் பின்னால் யாரோ "மலையாளத்துப் பொண்ணு போலகீது" என்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அழுகை போன இடம் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"ஆர் மலையாளம்? கொஞ்சம் பொறுங்கோ. நான் ஒரு கேள்வி கேக்கிறன், பதில் சொல்லுங்கோ. காலமை சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிறியளே, அந்தக் காய்கறிக்குள்ள ஆடு எங்க இருக்குது?"

எனக்கு வகுப்பறையில் நிற்கிற மாதிரியே இருந்தது. கையில் பிரம்பு ஒன்றுதான் குறை.

"சரி, அது போகட்டும். குழம்புக்குக் கறிவேப்பிலை போடுறியளே, அது எந்த ஆட்டில முளைக்குது?"

முதலில் சிரித்தது இருதயம்மாள். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மாடியே சிரித்தது. என்னைப் பார்த்து அல்ல, நான் சொன்னதைக் கேட்டு.

"எங்கட ஊரில கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி, மீனும் கறி. ஆடு வேணுமெண்டால் ஆட்டிறைச்சிக் கறி எண்டு பிரிச்சுக் கேப்பம். நான் கேட்டது வெள்ளிக்கிழமைக் கறி. இந்த அண்ணை கொண்டு வந்தது ஞாயிற்றுக்கிழமைக் கறி. அவரிலையும் பிழையில்லை, என்னிலையும் பிழையில்லை. விளங்கிச்சுதோ அண்ணை?"

அப்பாவு கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். "சுத்தமா வெளங்கிச்சி டீச்சர்!" என்றார்.

டீச்சர்! சத்தியமாகச் சொல்கிறேன், உபதேசியார் கொடுக்கத் தயங்கிய பட்டத்தை அந்த மனிதர் கொடுத்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எதிர் மேஜையில் துறைமுகத்து மேஸ்திரி நீலமேகம் உட்கார்ந்திருந்தார். "பாஸ்கலு, அந்தத் தட்டெல்லாம் இப்டி தள்ளு நைனா. நம்ம வூட்ல தெனம் ஞாயித்துக்கிழமதான்" என்றார். மூன்று தட்டும் அந்தப் பக்கம் போய்விட்டன.

உபதேசியார் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். இருதயம்மாள் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். "இன்னாங்க, இந்தப் பொண்ணு பேசறது பசங்களுக்குப் புரியாதுன்னு வூட்ல சொல்லிகினு இருந்தியே? நா ஒண்ணாங்கிளாஸ்கூட தாண்டாதவ. எனக்கே எல்லாம் புரிஞ்சிபோச்சே! எந்த ஆட்ல மொளைக்குதுன்னு கேட்டுச்சி பாரு!" மறுபடியும் குலுங்கிச் சிரித்தார்.

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். பாஸ்கல் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்திருந்தது ஞாபகம் இருக்கிறது, எலும்பு நொறுங்கும் போல் பிடித்திருந்தார்.

"திங்கக்கிழமை எட்டரைக்கு வந்துடும்மா" என்றார் உபதேசியார். "சர்ட்டிபிகேட்டும் எடுத்துட்டு வா." கொஞ்சம் யோசித்து, "அந்தக் கறிவேப்பிலையை மொதல் பாடமாவே வெச்சுக்கோ" என்றார்.

நான் தோத்திரம் சொன்னேனா, நன்றி சொன்னேனா, ஒன்றுமே நினைவில்லை. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே ஏதோ ஒரு கப்பல் ஊதியது. எனக்குத்தான் ஊதுகிறது என்று தோன்றியது. திடீரென்று அப்படிப் பசித்தது.

அப்பாவு பக்கத்தில் வந்து பணிவாகக் குனிந்தார். "டீச்சர், இப்போ இன்னா எட்தாரட்டும்?"

இந்தத் தடவை நான் நன்றாக யோசித்து, ராயபுரத்துச் சொல்லாகவே பொறுக்கிச் சொன்னேன். "மீன் கொழம்பு. சீக்கிரமா எட்தா நைனா."

அவர் படிப் பக்கம் ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினார்.

"தோ, கெதியா எட்தாரேன் டீச்சர்!"