படித்திருப்பத்தில் சிக்கிய அலமாரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. என் தங்கை ஒரு பள்ளியில் வெளிநாட்டு மொழி கற்றுத்தருகிறாள். பிள்ளைகளைப் பத்து நாள் அந்த மொழி பேசும் நாட்டுக்கே கூட்டிப்போய்த் திரும்பியவள், பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டாள். எழுதினேன்: 'அயல்நாட்டுக் கல்விப் பயணம் மாணவர்தம் தன்னம்பிக்கையை வளர்த்து, சிந்தனைச் சிறகுகளை...'

அதோடு நிறுத்திவிட்டேன். சிறகாம்! மூட்டை தூக்கிச் சோறு தின்ற வீட்டில் வளர்ந்தவள் நான்; கை கூசியது.

"யாராவது ஒரு பிள்ளையப் பத்திச் சொல்லேன்டி."

"அப்போ மியூட்டப் பத்தி எழுதுக்கா."

2

மியூட்டு என்பது வகுப்பில் வைத்த பெயர். பதினான்கு வயது. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். பேசச் சொன்னால் வாய்க்குப் பூட்டு. கிளம்பும் முன்பே என் தங்கையிடம் வந்து, "அங்க போயும் பேச வரலன்னா, திரும்பி வந்ததும் இந்த வகுப்ப விட்டுர்றேன் டீச்சர்," என்றாளாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

(மெலிந்த உடல், மிரண்ட கண்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். "மெலிஞ்சவளா? என்னவிட ஒசரம். கை ரெண்டும் உலக்க மாதிரி," என்றாள் தங்கை. அடித்துவிட்டேன்.)

3

இரண்டாம் நாள், ரொட்டிக்கடை. ஒவ்வொருவராகத் தனியே உள்ளே போய் ரொட்டி வாங்கிவர வேண்டும். டீச்சர் வெளியே நிற்பாள். மியூட்டு புத்தகத்திலிருந்த 'கடையில்' உரையாடலைத் தலைகீழாக ஒப்பிப்பாள். அதன்படி வாங்குபவர் வணக்கம் சொல்ல, விற்பவர் நலம் விசாரிக்க வேண்டும். கடைக்காரம்மா அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. இடுக்கியோடு நிமிர்ந்து, "எது வேணும்?" என்றாள்.

மியூட்டு ஆடிப்போனாள். நடுவிலிருந்து பிடிக்கத் தெரியாமல், கடைக்காரம்மாவின் பங்கையும் சேர்த்துத் தானே ஒப்பித்தாள்: "வணக்கம். வணக்கம், நலமா? நலம், நன்றி. தங்களுக்கு என்ன வேண்டும்?"

வாசலில் காத்திருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏய், நீயே வாங்கி நீயே வித்துக்கிறியா?" என்றாள் ஒருத்தி.

பிறகு ஆறு நாள் அவள் வாயிலிருந்து அந்த மொழியில் ஒரு சொல் வரவில்லை.

4

(இந்த இடத்தில் என் வரைவில் விடுதி தீப்பிடித்தது. மியூட்டு கத்திக் கூப்பிட்டு எல்லோரையும் காப்பாற்றினாள். "அங்க அடுப்பே கிடையாதுக்கா," என்றாள் தங்கை. தீயை அணைத்தேன்.)

உண்மையில் நடந்தது ஒன்பதாம் நாள் காலை. விடுதியின் குறுகிய மாடிப்படித் திருப்பத்தில் ஒரு மர அலமாரி சிக்கிக்கொண்டது. மேலே ஒரு சுமைகாரர், கீழே ஒருவர். அவர்களுக்கும் மேலே, இறங்க வழியில்லாமல் பிள்ளைகள். கீழே வாசலில் என் தங்கை. மேல் ஆள் இழுக்க, கீழ் ஆள் தள்ள, சுவரில் காரை உதிர்ந்தது. கீழே நின்றவரின் முழங்கை வெடவெடவென்று ஆடுவதை மியூட்டு பார்த்தாள்.

வீடு மாறுகிறவர்களின் சாமானைச் சுமப்பதுதான் அவளுடைய அப்பா அம்மாவுக்குப் பிழைப்பு. சுமக்கிறவருக்குக் கண் கிடையாது, சாமான் மறைத்துவிடும். வழி சொல்ல ஒரு குரல் வேண்டும். விடுமுறை நாட்களில் அந்தக் குரல் இவள்தான்.

"நில்லு!"

அந்த மொழியில்தான் கத்தினாள். (நான் நம் பேச்சில் தருகிறேன்.)

"தள்ளாத! மேல ஆளு, எறக்கு. இன்னும் எறக்கு! நிமித்தி வை. தொப்பி மேல, காலு கீழ! இப்ப சுவரு பக்கம் திருப்பு. மெதுவா! கீழ ஆளு, ஒரு படி. இன்னொண்ணு. தூக்கு!"

தயவுசெய்து இல்லை, தாங்கள் இல்லை. அலமாரி உச்சிக்குச் சொல் தெரியாமல் தொப்பி என்றாள். பாதிக்குப் பாதி பிழை. ஆனால் மீசை நரைத்த இரண்டு ஆண்கள் அவள் சொன்னபடி நகர்ந்தார்கள். அலமாரி திருப்பத்தைத் தாண்டி மேலேறியது.

கீழ் ஆள் மூச்சுவாங்கிக்கொண்டே, "யாரும்மா நீ? எங்க புது முதலாளியா?" என்றார்.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே வேலை. நீங்க முதுக வளைக்கிறீங்க, தப்பு. முட்டிய மடக்குங்க."

என் தங்கை வாசலில் நின்று விசிலடித்தாள். (டீச்சர் விசிலடிக்கலாமா என்று கேட்காதீர்கள். வளர்ப்பு அப்படி.)

"டீச்சர்!" மேலிருந்து மியூட்டு கத்தினாள். "நான் வகுப்ப விடல!"

5

மலருக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் பெரிய மொழிபெயர்ப்பாளர் ஆகி ஒரு மாநாட்டில்... சீச்சீ. இன்னொன்றில் தலைமையாசிரியர் மேடையேற்றிக் கேடயம் தருகிறார். அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். சுமைகாரர்கள் இளைப்பாறப் படியில் உட்கார்ந்தார்கள். நடுவில் அவளும் உட்கார்ந்தாள். "உங்க ஊர்ல பியானோவ எப்படி மாடி ஏத்துவீங்க?" என்று கேட்டார் ஒருவர். மியூட்டு சொல் தேடினாள். அகப்படவில்லை. என் தங்கை எடுத்துக்கொடுக்க வாயெடுத்தாள்.

"இருங்க டீச்சர். நானே சொல்லிக்கிறேன்."

என்ன சொன்னாள்? என் மனதில் ஒன்று ஓடுகிறது. உங்கள் மனதில் வேறொன்று ஓடட்டும். ஆரம்பித்துவிட்டாள், பாருங்கள்: கையை விரித்து, கயிற்றை இழுப்பதுபோல் காட்டி, பிழை பிழையாக, சத்தமாக. இந்த நேரத்தில் நான் குறுக்கே...